மாதுளை நிறம் காட்டும் லேப்டாப்

நகரி,
16-11-2008

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கும் அன்பு மச்சான் தாமோதரனுக்கு, உன் அக்காள் புருஷன் உமாபதி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அக்காள் அம்சவேணி சுகம், பவர்லூம் தறிகள் எட்டும் சுகம், கரண்ட் மட்டும் தினமும் மதியம் இரண்டு மணிநேரம் உடம்பு சரியில்லாமல் படுத்துக்கொள்கிறது. அங்கே உனக்கு ஒரு குறையும் வராமல் நாகலாபுரத்து வேதநாராயண சாமி பார்த்துக்கொள்வார்.

இமெயில் போட்டிருக்கலாமே என்று நினைப்பாய். வீட்டில் இப்போது லேப்டாப் இருப்பது உண்மைதான். ஆனால் அதை நிறம் பார்க்க மட்டும்தான் திறப்பது என்று வைத்திருக்கிறேன். கண்ட கண்ட எழுத்தையெல்லாம் அதில் தட்டி, டிஸ்ப்ளே தேய்ந்துவிட்டால் யார் பொறுப்பு? அந்த டிஸ்ப்ளேயின் அருமை அதைத் தேடி அலைந்தவனுக்குத்தான் தெரியும். ஆகஸ்ட் மாதம் நீ போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "மாமா, எது வாங்குனாலும் டிஸ்ப்ளே நல்லதா பாத்து வாங்கு" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நல்ல டிஸ்ப்ளே என்றால் என்ன, அதை உட்கார்ந்து பார்ப்பதா நின்று பார்ப்பதா, ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் பட்டதை நீ உட்கார்ந்து முழுசாகப் படித்தே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் புடவைக் கடை வைத்திருக்கும் துர்காதேவி என்ற அம்மாள், தன் தங்கை மகள் கல்யாணத்தில் பெண்வீட்டுப் பெண்கள் அறுபது பேரும் ஒரே நிறத்தில் கட்டவேண்டும் என்று அறுபது புடவை கேட்டு, அந்த நிறத்தை ஒரு போட்டோ எடுத்து இமெயிலில் அனுப்பினார். அந்த நேரம் பார்த்துக் குடிபாலாவில் உங்கள் அம்மாவுக்குக் கால் சுளுக்கி, அம்சவேணி பத்து நாள் அங்கே போய்விட்டாள். நான் பஸ் ஸ்டாண்டு பிரௌசிங் சென்டரில் போட்டோவைப் பார்த்து, நிறத்தை மனசில் வாங்கிக்கொண்டு, நேரே சாயப்பட்டறைக்குப் போய் நானே சாம்பிள் தேர்ந்தெடுத்து நூலுக்குச் சாயம் போடச் சொன்னேன். இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவன், நிறத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் திரும்புவதற்குள் அறுபதும் நெய்து, மடித்து, விமானம் ஏறிப் போயிற்று. எட்டாம் நாள் அந்த அம்மாள் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. "அண்ணா, மாதுளை முத்து கலர் கேட்டேன், பாக்குக் கலர் அனுப்பியிருக்கீங்க. இதைக் கட்டுனா எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருப்பாங்க" என்றார். தை பிறந்தால் கல்யாணம், இன்னொரு தடவை தப்பினால் வேறு ஊரில் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்த முதல் ஆர்டர் அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்தான் போய்விட்டதோ என்றுகூடப் பயந்தேன். அப்புறம்தான் அந்த பிரௌசிங் சென்டர் டப்பாவின் மேல் சந்தேகம் வந்தது. இருமினால் அணைந்து, தட்டினால் எரிகிற டப்பா. அது மாதுளையைப் பாக்காகக் காட்டாமல் வேறென்ன செய்யும்? அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நீயும் அந்தப் பொன்னான வாக்கியத்தைச் சொன்னாய்.

முதலில் உன் அக்காளும் நானும் சித்தூருக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய ஒருவர் லேப்டாப்பைத் திறந்து, நீலத் தண்ணீரில் மீன் நீந்துவதைக் காட்டி, எப்படி சார் குவாலிட்டி என்றார். மீன் எனக்கு எதற்கு, புடவையைக் காட்டுங்கள் என்று, போட்டோ இருந்த சி.டி.யைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு நிறம் வந்தது. உன் அக்காள், கடைக்குள்ளே எல்லாம் அழகாகத்தான் தெரியும், வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், புடவை வாங்கினாலும் வாசலுக்குக் கொண்டுவந்துதானே பார்க்கிறோம் என்றாள். "பயட்டிக்கி தீஸ்கெள்ளகூடதம்மா" என்று தெலுங்கில் மறுத்து, அவர் லேப்டாப்பைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசலைத் தாண்ட விடாத பொருளை எப்படி நம்புவது? திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் திருப்பதி. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சிவப்பு போர்டு போட்ட கடை என்று வழி சொன்னார்கள். அந்தத் தெருவில் இரண்டு தடவை நடந்தும் என் கண்ணில் போர்டு படவில்லை. கடைசியில் அம்சவேணிதான் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். வெயிலில் வெளுத்துப்போன போர்டாக இருக்கவேண்டும். கடை முதலாளி ஆதிநாராயணன், ஐம்பது வயது, நெற்றி நிறைய நாமம், பொறுமைசாலி. உன் அக்காள் சாயப்பட்டறையிலிருந்து மாதுளையிலேயே ஏழு வகைச் சாயம் போட்ட ஏழு சிட்டம் நூல் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தாள். அவற்றைக் கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்து, எந்த லேப்டாப் போட்டோ எந்தச் சிட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கத் தொடங்கினோம். அப்போது மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் செல்போன் சார்ஜர் வாங்க உள்ளே வந்தது. நாங்கள் சாமி கயிறு கட்டுகிறவர்கள் என்று நினைத்து, அந்தக் குடும்பத்துப் பெரியவர் கையை நீட்டினார். திருப்பதியில் நீட்டிய கையை வெறுமனே திருப்பி அனுப்புவதா என்று அம்சவேணி மூன்றாம் சிட்டத்தில் ஒரு இழை அறுத்துக் கட்டிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நான்கு பேரும் கையை நீட்டினார்கள். அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போன பிறகு, ஆதிநாராயணன் மெதுவாக, "அம்மா, இதி லேப்டாப் ஷாப்பம்மா" என்று நினைவுபடுத்தினார்.

இனிமேல்தான் கஷ்டமே. நான் நின்று பார்த்தால் ஒரு நிறம், எனக்கு ஒரு முழம் குட்டையான உன் அக்காள் பார்த்தால் வேறு நிறம். நான் ஆறாவது சிட்டம் என்றேன், அவள் கத்தரிக்காய் என்றாள். ஆதிநாராயணன் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூடியைச் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறத்தான் செய்யும், சாதாரண டிஸ்ப்ளே எல்லாம் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். "தலைய ஆட்டுனா கலரு மாறுதுன்னா, நான் ஓணான் வாங்கிக்கினு போலாமே" என்றாள் உன் அக்காள். பளபளக்கிற இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் போட்டோவைவிட என் மீசைதான் தெளிவாகத் தெரிந்தது. என் நீலச் சட்டை அதில் விழுந்து நிறத்தைக் கெடுக்கிறது என்று ஆதிநாராயணன் சொன்னதால், சட்டையைக் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில் வெள்ளை பனியனோடு முக்கால் மணிநேரம் நின்றேன். வருகிறவர் போகிறவர் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பதியில் சட்டையில்லாமல் நிற்கிறவனை யார் ஏன் என்று கேட்கிறார்கள்?

அப்புறம் அவருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். உள்ளே போய், கல்யாண ஆல்பம் செய்கிற போட்டோகிராபர்கள் மட்டும் வாங்குவது என்று தனியாக வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்தார். மச்சான், அதுதான் டிஸ்ப்ளே. மீசை தெரியவில்லை. நின்று பார்த்தோம், குனிந்து பார்த்தோம், பக்கவாட்டில் பார்த்தோம், நான் தரையில் உட்கார்ந்தும் பார்த்தேன், நிறம் அசையவில்லை. உன் அக்காள் விடாமல் வாசல் என்றாள். ஆதிநாராயணன் அதையும் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை, கறுப்பாக இருந்தது. நிழலுக்கு நகர்த்தியதும் போட்டோ பழையபடி வந்தது. வெயிலில் ஏன் கறுத்தது என்று நான் கேட்கவில்லை, வெயிலில் யார்தான் கறுக்கவில்லை? வாங்கிவிட்டோம்.

பஸ்ஸில் சண்டை. போட்டோ நாலாவது சிட்டத்தோடுதான் ஒத்துப்போகிறது என்று நான், ஐந்தாவது என்று அவள். வடமாலப்பேட்டை வரை பேசினாள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் குடும்பப் பெண், புருஷன் பேச்சைத் தட்டாமல் நாலாவதையே சாயம் போடச் சொல்லிவிட்டேன் என்று மறுநாள் சாயப்பட்டறையிலிருந்து வந்து சொன்னாள். முதல் புடவை தறியிலிருந்து இறங்கியதும் டிஸ்ப்ளே பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல். அறுபதும் போய்ச் சேர்ந்து, நேற்று துர்காதேவி அம்மாள் போன் செய்தார். "அண்ணா, கேட்டது அப்படியே வந்திருக்கு, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார். பேசி முடித்து நான் அந்த லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்தேன். டிஸ்ப்ளே மேல் இல்லை, பயப்படாதே, மூடியின் மேல்தான். உன் ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. அடுத்த தடவை மட்டும் கொஞ்சம் நீளமான வாக்கியமாகச் சொல்.

உன் வேலை மேலும் மேலும் ஓங்கி, சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்து, அந்தக் கல்யாணப் புடவைக்கு நானே நிறம் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
உமாபதி

பின்குறிப்பு: தாமு, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி உங்க மாமா குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்ன படிச்சேன். அவருகிட்ட ஒண்ணும் கேட்டுடாத. அவருக்கு மாதுளையும் பாக்கும் ஒண்ணாதான் தெரியும், கல்யாணம் ஆன புதுசுலயே நான் கண்டுபுடிச்சிட்டேன், அவருக்குத்தான் இன்னும் தெரியாது. அதுக்குதான் இத்தன வருஷமா சாயப்பட்டறைக்கு நானே போய்க்கினு வரேன். நான் அம்மாவ பாக்க போன பத்து நாள்ல மாட்டிக்கினாரு. ரெண்டு நாள் துன்னாம உக்காந்துக்கினு இருந்தாரு, பாக்க முடியல, பழி அந்த டப்பா மேல போவட்டும்னு உட்டுட்டேன். துர்காதேவி அம்மாவுக்கு நானே போன் பண்ணி, அவங்க போட்டோ புடிச்ச துணியில வெரல் அளவு வெட்டி கவர்ல அனுப்பச் சொன்னேன். திருப்பதி போய் வந்த மறாநாள் கவர் வந்துச்சு. நாலும் இல்ல, அஞ்சும் இல்ல, ரெண்டாவது சிட்டம். அதத்தான் சாயம் போட்டேன். எல்லாம் சரியாத்தான் கீது, ஆனா இப்ப ஈப்போ ஆர்டரு விஷயம் தெரிஞ்சி, தெருவுல கீற தறிக்காரங்க எல்லாம் நூலத் தூக்கிக்கினு இவருகிட்ட கலரு கேக்க வராங்க. இவரும் லேப்டாப்பத் தொறந்து வெச்சிக்கினு சொல்லிக்கினு கீறாரு. நேத்து மூணு பேரு கேட்டுக்கினு போயி சாயம் போட்டுட்டாங்க. அதுக்கு இன்னா பண்றதுன்னு உடனே ஒரு போன் பண்ணிச் சொல்லு.