ஏகநாதன் ஏழையான கதை

ஏழையாகிவிடுவது என்று முடிச்சூர் ஏகநாதன் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதுவரை அவருக்கு அந்த எண்ணம் வந்ததே இல்லை. ஏரிக்கரையை ஒட்டி அரை ஏக்கர் நஞ்சை, ஓட்டு வீடு, இரண்டு கறவை மாடு, ஆளைவிட ஒரு முழம் முன்னால் போகும் தொப்பை. இத்தனையும் உள்ளவருக்கு அந்த எண்ணம் ஏன் வரப்போகிறது?

வரவழைத்தவர் அரிகிருஷ்ணன். தாம்பரம் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர். ஓசிப் பேப்பர் படிக்க ஏகநாதன் தினமும் அங்கே போவார். அன்றைக்கு அரிகிருஷ்ணன் யாரோ ஒரு கிழவருக்கு மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா மனுப்பா இது?"

"முதியோர் பென்ஷன் அண்ணா. மாசம் இருபது ரூபா. கவர்மென்ட்டு மணியார்டர்ல அனுப்பும். போஸ்ட்மேன் வூட்டு வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடுப்பான்."

இருபது ரூபாய் ஏகநாதனை அசைக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்பதுதான் அசைத்தது. பக்கத்து வீட்டு முனிரத்தினத்துக்கு மகன் பம்பாயிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறான். போஸ்ட்மேன் "முனிரத்தினம் சார்!" என்று கூவினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஏகநாதனுக்கு ஒரே மகள். அவளையும் பொழிச்சலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அறுபத்தாறு வயதுவரை அவர் பேரை எந்தப் போஸ்ட்மேனும் கூவியதில்லை.

"எனக்குக் குடுப்பாங்களா?"

"அறுபத்தஞ்சு தாண்டணும்."

"தாண்டியாச்சு."

"சம்பாதிக்கிற ஆம்பளப் புள்ள இருக்கக்கூடாது."

"இல்ல."

"நெலம், வருமானம், ஆதரவு, ஒண்ணும் இருக்கக்கூடாது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. நேர்ல வந்து விசாரிச்சு எழுதுவாரு."

ஏகநாதன் குடை நிழலில் குந்தி யோசித்தார். "கீறத இல்லன்னு ஆக்கிட்டா?"

"அது உங்க சாமர்த்தியம்" என்றார் அரிகிருஷ்ணன். அவருக்கு மனுவுக்கு எட்டணா.

ஏகநாதன் வீட்டுக்குள் நுழையும்போதே அறிவித்தார். "தனக்கோடி, நான் ஏழையாவப் போறேன்."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "டென்ட் கொட்டாய்ல பங்கு போட்டுட்டியா?"

அது ஒரு வருடத்துச் சண்டை. சிட்லபாக்கத்து மனை புரோக்கர் எலியேசர் நஞ்சை நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். விற்ற பணத்தை ஒரு சினிமாக் கொட்டகையில் போட்டால் தினமும் முதல் வரிசையில் நாற்காலி என்று ஏகநாதன் கனவு கண்டுகொண்டிருந்தார். "எம்மேல கல்லப் போட்டுட்டு நெலத்த வித்துக்க" என்று தனக்கோடி நின்றுகொண்டிருந்தாள்.

"அது இல்லடி. இது சர்க்கார் பணம்" என்று ஏகநாதன் விளக்கினார். "நெலம், வூடு, மாடு எல்லாத்தையும் உம்பேருக்கு எழுதிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீ சோறும் போடறதில்ல. நான் அனாதை. பென்ஷன் வந்ததும் நீ எல்லாத்தையும் திருப்பி எழுதிக் குடுத்துடு."

முறம் நின்றது. "எம்பேருக்கா? ரெஜிஸ்டர் பண்ணித் தருவியா?"

"ரெண்டு மாசத்துக்குத்தான்."

"அதுக்கின்னா. எழுதிடு."

இந்த இடத்தில் ஏகநாதன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடத்தில் மூன்று முறை மாட்டேன் என்று சொல்லாமல் தனக்கோடி எதற்கும் சரி என்றதில்லை. ஆனால் அவர் காதில் போஸ்ட்மேன் கூவிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பத்திரம் பதிவாயிற்று. அரிகிருஷ்ணன் எழுதிய மனுவும் போயிற்று. கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தனக்கோடி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. சாவி இடுப்புக்குப் போயிற்று.

வறுமை மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"காபி எங்க?"

"ஏழைக்கு இன்னாய்யா காபி?"

"ஆர்.ஐ. இன்னிக்கா வராரு?"

"எந்நேரமும் வருவாரு. இந்தத் தொப்பயப் பாத்தா நம்புவாரா? கஞ்சி குடி."

கஞ்சி. மத்தியானமும் கஞ்சி. ராத்திரி கஞ்சித் தண்ணி. ஸ்டேஷன் பக்கம் சீட்டாடக் கிளம்பியவரை வாசலில் மறித்தாள். "அனாதைக்கு ஏது துட்டு?" உள்ளே வந்து படுத்தவரை எழுப்பினாள். "எவ வூட்டுல படுக்கறே? கூரை குடுத்தா அதுவும் ஆதரவுதான். மாட்டுக் கொட்டாய்க்குப் போ." போனார். விடிந்ததும் கூடையை நீட்டினாள். "கொட்டாய்ல படுக்கறவன் சாணி அள்ளலன்னா ஆருக்கும் சந்தேகம் வரும்."

ஏகநாதன் சாணி அள்ளுவதை முனிரத்தினம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், வூட்ல சண்டையா?"

"இல்ல மச்சான். வறுமை."

பன்னிரண்டாம் நாள் காலை ஆர்.ஐ. சைக்கிளில் வந்து இறங்கினார். சாலமோன் என்று பெயர். சின்ன வயது, தடித்த கண்ணாடி, கக்கத்தில் மனுக்கட்டு. ஏகநாதன் கந்தல் வேட்டியோடு கொட்டகையிலிருந்து வெளிப்பட்டார். தொப்பை கரைந்திருந்தது. தாடி முளைத்திருந்தது. தலையில் வைக்கோல். அவர் நடிக்க வேண்டியது எதுவுமே பாக்கி இல்லை.

"பெரியவரே, நிலம் உண்டா?"

"இல்ல சார்."

"இந்த வீடு?"

"அவுங்களுது."

"மாடு?"

"அவுங்களுது."

"நீங்க?"

ஏகநாதன் தடுமாறினார். இந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்க்கவில்லை. "நான்... சும்மா இங்க கீறேன் சார்."

சாலமோன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தனக்கோடி பக்கம் திரும்பினார். அவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தாயிற்று. 'எனக்கும் இந்தாளுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.' நேற்று மூன்று தடவை பிசகாமல் ஒப்பித்தாள்.

"அம்மா, இவருக்கு நீங்க சோறு போடறீங்களா?"

தனக்கோடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வைக்கோலைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே போட்டாள்.

"போடாம? எங்க வூட்டுக்காரரு சார் இவரு. முப்பத்தெட்டு வருசமா நான்தான் போடறேன். நெலம் கீது, மாடு கீது, நான் கீறேன். நான் உசுரோட கீற வரிக்கும் இவர அனாதைன்னு எந்தச் சர்க்காரும் எழுதக்கூடாது."

ஏகநாதன் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? இவள் பொய் சொல்கிறாள், எனக்கு யாருமில்லை என்றா? கந்தல் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார். வந்தது கோபம்தான் என்று நினைத்தார். முழுக்கக் கோபமாகவும் தெரியவில்லை.

சாலமோன் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "மனைவி பேரில் சொத்து உண்டு. மனைவி ஆதரிக்கிறார். மனு தள்ளுபடி."

"சார், இவ்ளோ தூரம் வந்துட்டீங்க" என்றாள் தனக்கோடி. "ரெண்டு வூடு தள்ளி கிளியம்மா கீறாங்க. எழுவது வயசு. புருசன் இல்ல, புள்ள இல்ல, கண்ணும் சரியாத் தெரில. போன வாரம் நான்தான் கூட்டிக்கினு போயி மனு குடுக்க வெச்சேன். உங்க கட்டுல கீதா பாருங்க."

இருந்தது. ஏகநாதனின் மனுவுக்கு நேர் கீழே.

கிளியம்மாள் குடிசையில் ஒரு பாய், இரண்டு மண்சட்டி, ஒரு கோழி.

"கோழி யாருதும்மா?" என்றார் சாலமோன், பேனாவைத் திறந்தபடி.

"முட்ட போடறப்ப என்னுது சார். மத்த நேரம் தெருவுது."

சாலமோன் சிரித்துவிட்டார். கோழியைக் குறித்துக்கொள்ளவில்லை. சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிள் ஏறினார். கிளியம்மாள் சைக்கிள் சத்தம் போன திக்கில் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்ததில் ஏகநாதனுக்குப் பாதிக் கோபம் கரைந்தது.

மீதியை மத்தியானம் மீன் குழம்பு கரைத்தது. விரால். பன்னிரண்டு நாள் கழித்துச் சோறு. குளித்து, சவரம் செய்து, நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்கு மூன்றாவது கவளத்தில் உலகமே நல்ல இடமாகத் தெரிந்தது. நாலாவது கவளத்தில் எலியேசர் ஞாபகம் வந்தது.

"சரி, ஆனது ஆச்சு. பென்ஷன் இல்ல. நாளைக்கே ரெஜிஸ்டர் ஆபீஸ் போயி நெலத்த எம்பேருக்கு மாத்திடலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? என் நெலம்டி அது!"

"இப்ப ஆரு இல்லன்னது?" தனக்கோடி சட்டியிலிருந்து நடுத்துண்டமாகத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "எனக்கப்புறம் அது உனக்குத்தானே வரப்போவுது. அவசரம் இன்னா?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஏகநாதன் மென்றுகொண்டே கணக்குப் போட்டார். தனக்கோடி அவரைவிடப் பதினோரு வயது சின்னவள். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவள் இல்லை. அவளுடைய அம்மா எண்பது தாண்டி, போன வாரம்தான் புளியமரத்தில் ஏறி உலுக்கினாள்.

"மெதுவாத் துன்னு" என்றாள் தனக்கோடி. "முள்ளு கீது."