லிஃப்டுக்கு ஒரு தீர்மானம்

ஐந்து மாடி ஏறி வந்த தையல்காரருக்கு மூச்சு வாங்கியது. காலில் மாவுக்கட்டுடன் மனைவி காத்திருந்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"இனிமே லிஃப்ட் விஷயம் நம்ம கையிலதானாம்."

"ஊசியில நூல் கோக்கவே உங்களுக்குக் கண்ணாடி வேணும். நீங்க லிஃப்ட ரிப்பேர் பண்ணப் போறீங்களா?"

"பண்ண வேணாம்டி. தீர்மானம் போட்டாப் போதும்."

அரசுக் குடியிருப்பின் நிர்வாகத்தில் குடியிருப்போருக்கும் பங்கு தருவதென்று வீட்டுவசதி அதிகாரி முடிவெடுத்திருந்தார். குடியிருப்போர் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது.

"வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கணும். அன்னைக்கு விட்டா டாக்டர் இன்னும் ஒரு மாசம் ஊர்ல இல்ல. ஞாபகம் இருக்கா?"

"அதுக்குள்ள ஓட வைக்கலன்னா நான் கத்திரிக்கோலையே தொட மாட்டேன்!"

திங்கட்கிழமை கீழ்த்தளத்தில் கூட்டம். மேல்மாடிக்காரர்கள் முழங்காலுக்குப் பயந்து இறங்கவில்லை. கீழ்வீட்டு ரிட்டையர்டு கண்டக்டர் எழுந்தார்.

"ஓடாத லிஃப்ட் எதுக்குங்க? பேத்து எடுத்துட்டா நாலு சைக்கிள் நிறுத்தலாம்."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. தையல்காரர் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"என் கையெழுத்து இல்லாம லிஃப்ட் வாசல்ல ஒரு ஆணியக்கூட எவனும் பிடுங்கக் கூடாது! இதுக்குத் தூக்குங்கய்யா கையை!"

ஏற்கெனவே தூக்கிய கைகள் அப்படியே இருந்தன. தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த அதிகாரி பரவசமாகி, 'தலைவர்' என்ற அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டார்.

புதன்கிழமை கூட்டத்தைத் தலைவர் ஐந்தாம் மாடிக்கு மாற்றினார்.

"அத்தனை படி ஏறணும்னா எனக்கு ஓட்டே வேணாம்!" என்று கீழிருந்து கத்தினார் கண்டக்டர்.

வந்தது துப்புரவுக்கார அம்மா மட்டும். கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வாளி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

"உடம்புன்னா இது உடம்பு!" என்றார் தலைவர் மனைவியிடம்.

"தலைவரே, ஒரு கையெழுத்து..."

"இது குடியிருக்கிறவங்க கூட்டம்மா. ஊழியர்கள் பேசக் கூடாது."

வியாழக்கிழமை படிக்கட்டிலேயே கூட்டம். அவரவர் மாடிப் படியில் அவரவர். லிஃப்டை உடனே பழுது பார்க்க வேண்டும் என்பது ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"அபாரம்!" என்றார் அதிகாரி, காகிதத்தைப் படிக்காமலே. "அடுத்து, லிஃப்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு எல்லார்கிட்டயும் கேட்டுடுங்க." அறுபது படிவங்களைக் கையில் திணித்தார்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் படிவங்களை மூலையில் கடாசினார். மனைவியைத் தையல் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தூக்குங்கய்யா!"

கண்டக்டர் உட்பட நாலு பேர் தூக்கினார்கள். மூன்றாம் மாடியில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாடியில் நாற்காலிக் கால் ஒன்று கழன்று உருண்டது.

"என் அடுத்த காலையும் உடைச்சிட்டுத்தான் விடுவீங்களா?" என்றாள் மனைவி.

"தலைவர் பொண்டாட்டி பேசுற பேச்சா இது? பிடிச்சுக்கோடி!"

ஒருவழியாகக் கீழே இறக்கி, வியர்வையை வழித்து நிமிர்ந்தார். எதிரே, 'பழுது' என்று சுவரில் ஆணியடித்த பலகைக்குப் பக்கத்தில், லிஃப்ட் கதவு திறந்தது. வாளியோடு வெளியே வந்தாள் துப்புரவுக்கார அம்மா.

"செவ்வாக்கிழமையே மெக்கானிக் வந்து லிஃப்ட சரி பண்ணிட்டாரு தலைவரே, இந்தப் பலகையைப் பிடுங்க உங்க கையெழுத்துக்குத்தான் மூணு நாளா இதுலயே மேலயும் கீழயும் அலையுறேன்!"