யூட்சனின் முழங்கை பற்றிய நிபுணர் அறிக்கை

வட அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் வீரன் மேஜர் லீக்கை எட்டுவானா என்று அறுதியிட்டுச் சொல்லும் தகுதி ஒரேயொரு நிறுவனத்துக்குத்தான் உண்டு. அது தமிழர் கூடும் மில்லிக்கன் பிளாசாவின் கோப்பிக்கடையில், கழிப்பறைக்குப் பக்கத்து மேசை. அதன் நிரந்தரத் தலைவர் கஸ்பர். பிறம்ரன் வெயர்ஹவுசில் இருபத்தாறு வருடம் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றபின், மனிதகுலத்துக்குத் தம் தீர்ப்புகளை இலவசமாக வழங்கிவருபவர். பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று அஞ்சினார்.

அன்று வந்த "கோப்பு" பாரதூரமானது. யூனியன்வில்லில் வசிக்கும் கிளிபோட்டின் மகள் ஸ்டெபனி, மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான சின்ன லீக்கில் பந்தெறியும் யூட்சனைத்தான் கட்டுவேன் என்கிறாள். பெடியன் மேஜர் லீக்குக்குப் போவான் என்றால் கிளிபோட்டுக்குச் சம்மதம், இல்லையென்றால் இல்லை. மாப்பிள்ளையை நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். கிளிபோட் கஸ்பரிடமே நாலு தரம் விசாரித்தார்.

"மணிக்குத் தொண்ணூற்றாறு மைல், அங்கிள்!" அப்பாவோடு வந்திருந்த ஸ்டெபனி, யூட்சன் பந்தெறியும் வீடியோவை ஃபோனில் நீட்டினாள்.

கஸ்பர் கண்ணாடியைத் துடைத்து மூன்று முறை பார்த்தார். கோப்பி ஆறியது.

"வேகம் கிடக்கட்டும் பிள்ளை. பந்து ஒருக்காலும் நிலத்தில குத்தேல்லையே! எல்லாம் ஃபுல் டொஸ்."

"பேஸ்போலில குத்தத் தேவையில்லை அங்கிள்!"

"அதை விடு. முழங்கையைப் பார், மடங்குது. உது போலிங் இல்லை, எறி. எந்த அம்பயரும் நோ-போல் குடுப்பான்."

"எறியிறதுதான் அவற்ர ஜொப்!"

"களவை ஜொப்பாச் செய்தாப்போல நல்லதாப் போயிடுமே?"

கிளிபோட்டின் முகம் கறுத்தது. "அப்ப மேஜர் லீக், அண்ணை?"

கஸ்பர் எழுந்து நின்றார். கிரிக்கெட் நடுவரைப் போலச் சுட்டுவிரலை மெல்ல உயர்த்தினார். அவுட்.

"கலியாணக் கதையை இத்தோட விடுவம்," என்றார் கிளிபோட்.

ஸ்டெபனி கண்ணைத் துடைத்தாள். "அங்கிள், ஊரில நீங்கள் எந்த டீம்?"

கிளிபோட்தான் பெருமையோடு முந்திக்கொண்டார்: "அண்ணையும் நானும் ஒரே பள்ளிக்கூடம், பிள்ளை. கிரிக்கெட் ரெண்டாவது டீமில அண்ணை பன்னிரண்டாவது ஆள். நாலு வருசம் தண்ணி கொண்டு ஓடினவர்!"

உயர்ந்த விரல் இன்னும் இறங்கவில்லை. தம் வாழ்நாளின் முதல் விக்கெட்டை அன்றுதான் கஸ்பர் வீழ்த்தியிருந்தார். அதற்கு அவர் முழங்கையை மடக்கவேயில்லை.