கெம்பம்மா வீட்டுக் களி

புருஷனுக்கு வெளியே தொடர்பு இருக்கிறதோ என்று சந்தேகப்பட்ட பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் பொய் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, சேலத்திலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குக் குடித்தனம் வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. பக்கத்துக் கிராமத்தில் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த உடம்பு. நானோ, வாரப் பத்திரிகைச் சமையல் குறிப்புகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் டவுன் சீமாட்டி. வந்த முதல் வாரமே அறிவித்துவிட்டேன்:

“இந்த வீட்டுல களி கிண்டற பேச்சே கிடையாதுங்க. ஆமா!”

“உனக்கு எது வருதோ அதச் செய்யி சரோஜா” என்றார். (அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஸ்டவ்வில் வெள்ளைக் குருமா கொதித்துக்கொண்டிருந்தது.)

ரேஷன் அரிசியில் ஒரு வாடை வரும். அதை மறைக்க நான் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று கைக்கு வந்ததையெல்லாம் போடுவேன். சாம்பாரில்கூட சோம்பு மணக்கும். என்ன செய்து வைத்தாலும் அவர் முதல் வாய் எடுத்து வைத்து, “நல்லாருக்கு” என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்தனம் வந்த கொஞ்ச நாளிலேயே, “எதுக்கு ரெண்டு தட்டு? ஒரே தட்டுல சாப்புடலாமே” என்றார். புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்டாட்டி உட்காருகிற காலம் அது. நான் அப்படியே உருகிப்போனேன். மாலையில் அவர் வந்ததும் ஒரு பெரிய தட்டில் போட்டு எதிரெதிரே உட்காருவோம். அவர் அலுவலகக் கதையாகச் சொல்லுவார். நான் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவேன். தட்டு காலியாகிவிடும். நாலைந்து மாதத்தில் என் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தெருவில், “என்ன கண்ணு, விசேஷமா?” என்று கேட்டார்கள். விசேஷம் ஒன்றுமில்லை, வெறும் சோறு என்பது எனக்கே அப்போது தெரியாது.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராஜம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் கண்ணு. உன் வூட்டுக்காரரு தெனம் ஆபீசு வுட்டதும் சந்தைக்குப் பின்னால கெம்பம்மா வூட்டுக்குப் போறாராம். உள்ள போனா, செத்த நேரம் கழிச்சு வாயத் தொடச்சுக்கிட்டு வர்றாராம்.”

“கெம்பம்மாவா? யாரு அது?”

“புருசன் இல்லாதவ. வூட்டுக்குள்ள எப்பவும் ஆம்பளைங்க கூட்டமாவே இருக்கும்.”

வாயைத் துடைத்துக்கொண்டு! எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. தினமும் தாமதமாக வந்து, “ஆபீஸ்ல வேலை” என்று சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

மறுநாள் மாலை முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஏன் பட்டு என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. (போட்டி என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.) சாட்சிக்கு ராஜம்மா வந்தாள். அவளுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். சந்தையைத் தாண்டும்போது நாங்கள் ஒரு சின்ன ஊர்வலமாகியிருந்தோம்.

வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

“வெளிய வாங்க! மானம் மரியாதை இருந்தா இப்பவே வெளிய வாங்க!” என்று கத்தினேன். எனக்கு அத்தனை பெரிய தொண்டை இருப்பது அன்றுதான் தெரியும். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள்.

கெம்பம்மா வெளியே வந்தாள். அறுபது வயதுக்குக் குறையாது. வாய் நிறைய வெற்றிலை. கையில் முழங்கை வரை கேழ்வரகு மாவு.

“யாரும்மா நீ? பட்டுச்சீல கட்டிக்கிட்டு வந்து கூப்பாடு போடற?”

“என் புருஷனை விட்டுடு!”

“நான் என்ன புடிச்சா வெச்சிருக்கேன்? உள்ளதான் குந்தியிருக்காரு. வந்து பாரு.”

பார்த்தேன். காசு கொடுத்துச் சாப்பிடும் வண்டிக்காரர்களும் லாரிக்காரர்களுமாக ஒரு வரிசை. நடுவில் என் வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சம்மணம் போட்டிருந்தார். முன்னால் ஆவி பறக்கும் களி உருண்டை. அதில் குழி பறித்து அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. என்னைக் கண்டதும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எப்படியோ விழுங்கிவிட்டுக் கேட்டார்:

“சரோஜா... சாப்ட்டியா?”

கெம்பம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவரு உன் வூட்டுக்காரரா? அட சிவனே! ஆக்கிப் போட ஆளில்லாத ஒண்டிக்கட்டைன்னு நெனச்சில்ல, பாவம்னு தெனம் ஒரு உருண்ட சேத்துப் போட்டேன்!”

முதலில் சிரித்தவள் ராஜம்மா. பிறகு வரிசை சிரித்தது. பிறகு தெருவே சிரித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். கதவைச் சாத்திய பிறகு கேட்டேன்.

“அப்புறம் ஏன் தெனமும் நல்லாருக்குன்னு சொன்னீங்க?”

“சொல்லலைன்னா நீ வருத்தப்படுவியேன்னு...”

“ஒரே தட்டு?”

தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“தனித் தட்டா இருந்தா, என் தட்டுல மிச்சம் கெடக்கறது தெரிஞ்சிரும்.”

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். இன்னொரு பெண் என்றால் ஊர் என் பக்கம் நின்றிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். களிக்குத் தோற்றவள் எந்த முகத்தோடு அம்மா வீட்டுக்குப் போவாள்? என் வாழ்க்கையிலேயே நான் ஆசையாக நினைத்திருந்த ஒன்று, மிச்சத்தை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாளே இரண்டு தட்டு வைத்தேன். வீம்புக்குக் களியும் கிண்டினேன். முதல் களி முழுக்கக் கட்டி கட்டியாக மாவு. அதைத் தின்றுவிட்டு “நல்லாருக்கு” என்றார். ஒரு வருஷம் கழித்து, தெருவே வாங்கிப்போகும் அளவுக்குக் கை பழகிய பிறகும் அதே குரலில் “நல்லாருக்கு” என்றார். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஐம்பது வருஷத்தில் ஒருநாளாவது என் சமையல் அவருக்கு நிஜமாகவே பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லுவார்தான். என்ன சொல்லுவார் என்பதுதான் தெரியுமே.

எங்கள் குடும்பத்தில் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போவதை இன்னமும் “சின்ன வூட்டுக்குப் போறது” என்றுதான் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் விருந்தாளிகள் முன்னாலேயே இதைச் சொல்லி மானத்தை வாங்கியிருக்கிறார்கள்.

போன மாதம் பேத்தியும் அவளைக் கட்டியவரும் முதல் விருந்துக்கு வந்தார்கள். சமையல் என்னுடையதுதான். புது மாப்பிள்ளை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, “சாம்பார் பிரமாதம் பாட்டி!” என்றார். என் மகள் குனிந்து, “வர்ற வழியில எங்கயாச்சும் சாப்ட்டீங்களா மாப்ள?” என்று கேட்டாள். வீடே வெடித்துச் சிரித்தது. என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. விவரம் புரியாமல் மாப்பிள்ளையும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் இலையைப் பார்த்தேன். அந்த முதல் வாயைத் தவிர, போட்ட சோறு அப்படியே இருந்தது.