நெட்டில்பரியின் மாண்புமிகு உறுப்பினர்

பிரிட்டிஷ் ஜனநாயகம் ஒரு மாளிகை என்றால், அதைத் தாங்கிய தூண் சர் ஆம்புரோஸ் டில்வின். தூணுக்குரிய இலக்கணப்படி, இருபத்தாறு ஆண்டுகள் அவர் சபையில் வாயே திறக்கவில்லை.

நெட்டில்பரியில் ஓட்டுரிமை நாற்பத்தொரு பேருக்கு. மற்ற ஒன்பதாயிரம் பேருக்கும் ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் உரிமை இருந்தது. மேல்கரையில் தோல் பதனிடும் கொட்டகைகள். ஊருக்குள் காலரா.

ஒருவழியாகக் குழாய்த் தண்ணீர் மசோதா சபைக்கு வந்தது. சலவைக்காரி மார்த்தா பக்கில் அவர் வண்டியை மறித்தாள்.

“ஐயா, வியாழக்கிழமை ஓட்டெடுப்பாம். போயிடுவீங்கல்ல? அந்தத் தண்ணிய குடிச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரு. இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“என் ஆதரவு உங்களுக்குத்தாம்மா!” என்றார். கண் கலங்கியது. உண்மையிலேயே கலங்கியது, இளகிய மனசு.

ஆனால் வியாழக்கிழமை மீன்பிடிக்கப் போக வேண்டியிருந்தது. இதற்கென்றே சபையில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு பேசிவைத்துக்கொண்டால் இருவருமே வர வேண்டாம். ஓர் ஆதரவும் ஓர் எதிர்ப்பும் கழிந்துவிடும். எதிர்க்கட்சி லூஷியஸ் ஃபேரன்ட்டோடு கை குலுக்கி, ‘கனவான் ஒப்பந்தம்’ செய்துகொண்டு, அவரையும் தண்ணீர் தெளிந்த வேறோர் ஆற்றுக்கு அழைத்துப் போனார்.

இடுப்பளவு நீரில் நின்றபடி ஃபேரன்ட் பெருமூச்சு விட்டார். “பாவம் ஓய் உம்ம ஊர்க்காரங்க. நான் போயிருந்தா மசோதாவுக்கு ஆதரவாத்தான் போட்டிருப்பேன்.”

“என்னது! நீர் எதிர்க்கட்சி இல்லையா?”

“எதிர்க்கட்சின்னா? சாக்கடையைக் குடின்னா சொல்லுவேன்?”

“அடப்பாவி, நானும் ஆதரவுதானே! ரெண்டு ஓட்டும் போச்சே! கிளம்பும், நாலு மணி ரயிலைப் பிடிச்சா போயிடலாம்.”

“போலாம்தான். கொடுத்த வார்த்தை என்னாகுறது?”

சர் ஆம்புரோஸ் ஆடிப்போனார். கனவான் வார்த்தை தவறுவதா? அந்த நேரம் பார்த்துத் தூண்டிலும் இழுத்தது. பதினெட்டு பவுண்டு சால்மன்!

மசோதா ஒரே ஓட்டில் தோற்றது.

இலையுதிர் காலத்தில் தேர்தல். மேடையேறி, “என்னை எதிர்க்கும் வாக்காளர்கள் கை தூக்கலாம்” என்றார். ஒரு கையும் எழவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

“எங்கேம்மா ஹாப்டே? போன தடவை முட்டை வீசினாரே?”

“ஜூலையில காலராவுல போயிட்டாருங்க,” என்றாள் மார்த்தா. அவளுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் இல்லை.

“செருப்புக் கடை பியூ?”

“அதே வாரம்.”

அவரை ஆதரித்த இருபத்தொரு பேர் மட்டும் மேட்டுத் தெருவில், சொந்தக் கிணற்றுத் தண்ணீரில், சௌக்கியமாக இருந்தார்கள். சர் ஆம்புரோஸ் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேசிப் பேசி எதிரிகளை மாற்றியவர்கள் சபையில் எத்தனையோ பேர். மீன்பிடிக்கப் போயே அவர்களை ஒழித்தவர் அவர் ஒருவர்தான்.