இரண்டு ராஜாக்கள் மட்டும்

போனில் சத்தமே இல்லை. மாப்பிள்ளை தட்டினார், உலுக்கினார், ஊதிக்கூடப் பார்த்தார். மாடியில் பூட்டிய அறைக்குள் இரண்டு செஸ் சாம்பியன்கள் இறுதிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவர் போனில் சொல்லச் சொல்ல, கீழே ஹாலில் இருக்கும் பெரிய பலகையில் காய்களை எடுத்து மாட்டுவது இவர் வேலை. ஒயரோ இவருடைய ஸ்டூலின் காலில் சிக்கி அறுந்து கிடந்தது.

முன்வரிசையில் மாமனார். அந்த செஸ் கிளப்புக்கே செயலாளர். "இதையாவது உருப்படியா செய்யுங்க" என்று காலையில்தான் சொல்லியிருந்தார். இதிலும் சொதப்பினால் அந்த வீட்டில் மாப்பிள்ளை இனி வாயைத் திறக்க முடியாது.

ஒயரைச் சொருகப் பார்த்தார். சுவரிலிருந்த பெட்டியே கையோடு வந்துவிட்டது. அதைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, ஆட்டம் அப்படியே நிக்குது?"

"யோசிக்கிறாங்க மாமா."

"இவ்வளவு நேரமாவா?"

பயத்தில் ஏதோ ஒரு காயை நகர்த்தினார். கைக்கு வந்தது வெள்ளை ராணி. போய் நின்றது கறுப்பு யானைக்கு நேர் எதிரே.

ஹாலே 'ஐயோ' என்றது.

"ராணியைத் தூக்கிக் கொடுக்கிறானே!"

மாமனார் எழுந்துவிட்டார். "சும்மா கொடுப்பானா? பின்னாடி என்னமோ வச்சிருக்கான்!"

என்ன வைத்திருக்கிறான் என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. வெட்டாமல் விட்டால் குட்டு உடைந்துவிடும். வெட்டினார். அப்புறம்தான் கவனித்தார். வெள்ளைக் குதிரை ஒரு தாவு தாவினால் கறுப்பு ராஜாவும் ராணியும் சேர்ந்து மாட்டுகிறார்கள்! அவருக்கே புல்லரித்தது.

அதன்பிறகு கை நிற்கவில்லை. வெள்ளை போட்ட திட்டத்தைக் கறுப்பு கண்டுபிடித்தது. கறுப்பு விரித்த வலையில் வெள்ளை விழ மறுத்தது. யாரும் யாருக்கும் இம்மியளவு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டு, அவ்வளவு பெரிய பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினார்கள். டிரா.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜென்மத்துல இப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்ல! மேல போய் ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும். வாங்க மாப்ளே!"

மாப்பிள்ளை ஸ்டூலைவிட்டு இறங்காமல், நேராக இருந்த ராஜாக்களையே மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து இருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். சாம்பியன்களேதான். அவர்களில் ஒருவர் மாமனாரிடம் பயபக்தியோடு குனிந்து கேட்டார்:

"நாங்க அப்பவே டிரா பண்ணிட்டு இறங்கி வந்துட்டோம் சார், ரொம்ப நேரமா பின்னாடி உட்கார்ந்து இதைத்தான் பார்த்துட்டிருக்கோம்... இந்த ஆட்டத்தை ஆடின அந்த ரெண்டு பேர் யாரு?"