பதினெட்டுக் குழிகளும் ஒரு பங்காளியும்

சாய்கிருஷ்ணனைச் சாகடித்துவிடுவது என்று வியாழக்கிழமை காலை, வெண்பொங்கலில் நெய் ஊற்றும்போது முடிவு செய்தேன். பயப்படாதீர்கள். ஆள் புத்தூரில் சௌக்கியமாக இருக்கிறார். எனக்குப் பங்காளி முறை. எனக்கு வேண்டியது அவருடைய உயிர் அல்ல. அவர் செத்தால் எனக்கு வரும் பத்து நாள் தீட்டு.

திருத்தணி மலைமேல் முருகனுக்குச் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. முறை வந்துவிட்டால் லீவு கிடையாது. காய்ச்சல் என்றால் கஷாயம் கொடுப்பார்கள். கல்யாணம் என்றால் தாலி கட்டிவிட்டு வந்து சாதம் வடி என்பார்கள். தீட்டு ஒன்றுக்குத்தான் மடைப்பள்ளிக் கதவு மூடும். பங்காளி போய்விட்டான் என்றால் "இந்தப் பக்கமே வராதே" என்று அவர்களே சொல்வார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு என்கிறீர்களா? கோல்ஃப் ஆட.

சிரிக்காதீர்கள். நகரி ரோட்டில் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு தனியார் கிளப் இருக்கிறது. போன வருஷம் அங்கே ஏதோ பூஜை என்று புளியோதரை கொண்டுபோனேன். அண்டாவை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவ்வளவுதான். மேடும் பள்ளமுமாகப் பச்சைப் புல். இரண்டு பக்கமும் வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி மரம். ஒருவர் மேட்டில் நின்று பந்தை அடித்தார். அது மரங்களைத் தாண்டி உயர்ந்து, மலைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்ற மாதிரி இருந்து, எங்கோ விழுந்தது. அவர் சாவகாசமாக அதன் பின்னால் நடந்து போனார். நான் பிறந்ததிலிருந்து அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில்தான் நடக்கிறேன். அதிலும் சாமிக்குப் படைக்கும்வரை ருசி பார்க்கக் கூடாத பிழைப்பு. வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் புல்வெளியும் வாசனையோடு போய்விடுமோ என்று ஏக்கமாக இருந்தது. பதினெட்டுக் குழிகளையும் சுற்றி ஒரே ஒரு ரவுண்டு ஆடிவிட்டால் போதும், அப்புறம் எத்தனை மூட்டை அரிசி வேண்டுமானாலும் களைகிறேன் என்று தோன்றியது.

அன்று முதல் கொல்லையில் நின்று, பொங்கல் கிளறும் துடுப்பால் எலுமிச்சம்பழத்தை அடித்துப் பழகினேன். பக்கத்து வீட்டு வெங்கடேசன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சாமி, திருஷ்டி கழிச்சிகினு கீறீங்களா?"

"ஆமாப்பா, ரொம்ப திருஷ்டி" என்றேன்.

கிளப் மேனேஜர் திலீப் என் புளியோதரைக்கு அடிமை. அவர்தான் வழி காட்டினார். "சாமி, இந்த மாசம் கிருத்திகை ஞாயித்துக்கிழமை வருது. ரோடெல்லாம் கூட்டமா இருக்கும், மெம்பர் ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க வந்து ஒரு ரவுண்டு ஆடுங்க. வீட்டம்மாவையும் கூட்டிகினு வாங்க."

முதல் பாதியை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். கடைசி வரியை வரும் வழியிலேயே தொலைத்துவிட்டேன்.

ஆனால் கிருத்திகை என்றால் மலையில் எனக்கு முறை. வீட்டில் என் மனைவி ஜம்பகத்துக்கு முறை. திருவள்ளூரிலிருந்து சித்தூர் வரைக்கும் உள்ள சொந்தமெல்லாம் முருகனைப் பார்த்த கையோடு எங்கள் வீட்டில் இலை போட்டு உட்காரும். அதனால்தான் சாய்கிருஷ்ணன் சாக வேண்டியதாயிற்று. வியாழன் மத்தியானம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஜம்பகம், புத்தூர் சாய்கிருஷ்ணன் அண்ணா போயிட்டாரு."

"எங்க?"

"மேல."

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "எப்படி?"

"மாரடைப்பு. உடனே எடுத்துட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை நான் மட்டும் போய் துக்கம் கேட்டுட்டு வரேன்."

"அழுதீங்களா?"

"வழியெல்லாம்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, போய் தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமா? என் பெண்டாட்டியா நம்பினாள்? குளிக்கும்போது அவள்மேல் இரக்கம்கூட வந்தது. மறுநாள், என் கிருத்திகை முறையை அக்கா மகன் ஏற்றுக்கொண்டான். ஜம்பகம் சொந்தம் ஒன்று விடாமல் போன் போட்டு, தீட்டு வீடு, இந்தக் கிருத்திகைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது. துக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை. திருட்டுத்தனமாக வாங்கி ஒளித்து வைத்திருந்த கேன்வாஸ் ஷூவைத் தேடினேன். காணவில்லை. கூடத்துக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சாய்கிருஷ்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா ஷண்முகம்" என்றார் காலமானவர். "நான் போயிட்டேனாமே."

பக்கத்தில் ஜம்பகம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். காலில் என் ஷூ.

"ஒரு சைஸு பெருசுங்க. பஞ்சு வெச்சுகினேன்" என்றாள். "இந்தப் பாவாவோட சம்சாரம் காமேஸ்வரி அக்காகிட்ட துக்கம் கேக்கலாம்னு போன் பண்ணேன். பாவாவே எடுத்தாரு."

"எப்போ?"

"நீங்க தீட்டுக்குக் குளிச்சிகினு இருந்தப்போ."

"அன்னிக்கே தெரியுமா? அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா தீட்டு போயிடுமே. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு கிருத்திகைக்காச்சும் அடுப்பு மூட்டாம இருந்திருக்கேனா? நீங்களா ஒரு ஆளை சாகடிச்சு எனக்கு லீவு வாங்கிக் குடுக்கறீங்க. வேணாம்னு சொல்வேனா?"

"இந்த ஷூ?"

"திலீப் சார் உங்க போனுக்குப் பேசினாரு. மேடமும் வராங்கல்லன்னு கேட்டாரு. மேடம் கண்டிப்பா வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

சாய்கிருஷ்ணன் கார் சாவியை எடுத்தார். நான் குரலை இறக்கிக் கெஞ்சினேன். "சரி, மூணு பேருமா போலாமே."

"நீங்க எப்படிங்க வருவீங்க? துக்கம் கேக்க மலையிலேர்ந்து எல்லாரும் வராங்க. வீடு பூட்டிக் கெடந்தா, பொய் சொல்லி முறையை விட்டான்னு தெரிஞ்சுடும். அப்புறம் உங்களை மடைப்பள்ளியில சேப்பாங்களா? நான் புத்தூருக்கு காமேஸ்வரி அக்காவுக்குத் துணையாப் போயிருக்கேன்னு சொல்லுங்க."

கார் கிளம்பியது. துக்க வீட்டுக்காரன் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன்.

முதலில் வெங்கடேசன் வந்தான். "ரொம்ப வேண்டியவரா சாமி?" என்று கேட்டான். இந்நேரம் ஜம்பகம் முதல் குழியை முடித்திருப்பாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் அழுதான். பிறகு மலையிலிருந்து வந்தார்கள். வெளியே காவடி மேளம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் குன்றும் வானமும் தெரிந்தன. அந்த வானத்தில் ஒரு வெள்ளைப் பந்து போகும், அதை நான் அடித்திருக்க மாட்டேன். அதை நினைக்க நினைக்க விக்கி விக்கி அழுதேன். பங்காளிக்காக இப்படி உருகுகிற மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று பெரியவர்கள் மெச்சினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜம்பகம் வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. புடவை ஓரமெல்லாம் புல். வாசலிலேயே வெங்கடேசன் அவளிடம் என் அழுகையின் பெருமையைச் சொல்லி அனுப்பியிருந்தான். கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். வாய் வேறு கேட்டது.

"எப்படி இருந்துச்சு?"

"மரங்களுக்கு நடுவுல நடந்துகினே இருந்தேங்க. 'ஜம்பகம், ஜம்பகம்'னு ஒருத்தரும் கூப்பிடல." எனக்குக் கோபம் போய்விட்டது.

"பந்து மேல போச்சா?"

"ஒரே ஒரு தடவை மரத்தைத் தாண்டிச்சு. பாவாதான் ஓடிப்போய் எடுத்துகினு வந்தாரு."

அது எந்த மரம், எவ்வளவு உயரம், எப்படி விழுந்தது என்று குழி குழியாகக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள்.

"அடுத்த கிருத்திகைக்கு நான் போறேன் ஜம்பகம்" என்றேன்.

"அது முடியாதுங்க" என்றாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே. "அடுத்ததா யாரு சாகறதுன்னு வர்ற வழியிலயே பாவாவும் நானும் பேசி முடிச்சுட்டோம். நீங்க இன்னிக்கு மாதிரியே அழுதா போதும்."